ஒரு விமர்சகரின் கணக்குப் புத்தகம்

(எமது வானொலியின் மாதாந்த உரை வரிசையில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சினிமா விமர்சகரின் தொழில் வாழ்க்கை. பெயர் ரொஜர் ஈபேர்ட். அமெரிக்கர். சிக்காகோ நகரின் 'சன்-டைம்ஸ்' பத்திரிகையில் 46 ஆண்டுகள் படங்களைப் பற்றி எழுதியவர். தொலைக்காட்சியில் கட்டைவிரலை மேலே தூக்கியும் கீழே இறக்கியும் படங்களுக்குத் தீர்ப்புச் சொன்னவர் என்றால் உங்களில் சிலருக்கு ஞாபகம் வரக்கூடும்.

கணக்காளருக்கும் சினிமா விமர்சகருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். ஒரு கம்பனியின் கணக்கைப் பார்க்கப் போகும் கணக்காய்வாளருக்குக் கூலி கொடுப்பது அந்தக் கம்பனிதான். தேநீர் கொடுப்பதும் அவர்கள்தான். ஆனால் அவர் அறிக்கை எழுதுவது கம்பனி முகாமையாளருக்காக அல்ல. தங்கள் காசைப் போட்டுவிட்டு வெளியே நிற்கும் பங்குதாரருக்காக. விமர்சகரின் நிலையும் அதுவே. படத்தை அவருக்கு இலவசமாகக் காட்டுவது படக் கம்பனி. அவர் எழுதும் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பதும் படக் கம்பனி. ஆனால் அவர் பதில் சொல்லவேண்டியது, வெள்ளிக்கிழமை இரவு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் மனிதருக்கு. இந்தக் கணக்கை 46 வருடம் பிசகாமல் எழுதியவர் என்பதால்தான் ஈபேர்ட்டைப் பற்றிப் பேச வந்தேன்.

அவர் பிறந்தது 1942ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் திகதி, இலினோய் மாநிலத்தின் அர்பானா என்ற சிறிய ஊரில். தகப்பனின் பெற்றோர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தகப்பனார் மின்சார வேலை செய்பவர். தாயார், உங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு சந்தோஷம், கணக்கு எழுதுபவர். ஒரே பிள்ளை. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் தகப்பனார் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே ஆங்கிலப் பேராசிரியர்கள் காலை மேசையில் போட்டு, பைப் புகைத்தபடி புத்தகம் வாசித்துக்கொண்டிருந்ததைக் கண்டாராம். வீட்டுக்கு வந்து மகனிடம், உனக்கு ஏற்ற வேலை அதுதான் என்று சொன்னாராம். தன் தொழிலை மகனுக்குப் பழக்க அவர் விரும்பவில்லை. இதைக் கேட்கும்போது எங்கள் தகப்பன்மார் பலருடைய முகம் நினைவுக்கு வருகிறது. இரவு முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, காலையில் பிள்ளையை டியூசனுக்கு ஏற்றிப் போகிறவர்கள் அவர்கள்.

பிள்ளை கெட்டிக்காரன். 15 வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளையாட்டுச் செய்தி எழுதத் தொடங்கிவிட்டான். 1958இல் மாநிலப் பாடசாலைகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியில் 'வானொலிப் பேச்சு' என்ற பிரிவில் முதலிடம். வானொலிச் செய்தி வாசிப்பது போல வாசித்துக் காட்டும் போட்டி அது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குரலைப் பற்றிப் பிறகு பேசுவேன்.

1966இல் சிக்காகோ சன்-டைம்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1967 ஏப்ரலில் அங்கே படங்களைப் பற்றி எழுதிவந்தவர் விலகிப்போக, 24 வயதுப் பையனிடம் அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அவர் அதற்கு விண்ணப்பம் போட்டவர் அல்லர். அதே ஆண்டு 'பொனி அன்ட் கிளைட்' என்ற படம் வந்தது. நியூயோர்க் ரைம்ஸின் மூத்த விமர்சகர் போஸ்லி குரோதர் அந்தப் படத்தைக் கண்டபடி திட்டி எழுதினார். வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகாத ஈபேர்ட், அமெரிக்க சினிமாவில் இது ஒரு மைல்கல் என்று எழுதினார். இன்றைக்கு அந்தப் படம் எங்கே நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 1975இல் விமர்சனத்துக்கான புலிற்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. சினிமா விமர்சகர் ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதற்தடவை.

அதே 1975இல் சிக்காகோவின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் ஒரு காரியம் செய்தது. நகரத்தின் போட்டிப் பத்திரிகையான 'ரிபியூன்' இதழின் விமர்சகர் ஜீன் சிஸ்கலையும் ஈபேர்ட்டையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தியது. இருவருக்கும் ஒருவரையொருவர் கண்ணிலும் காட்டக்கூடாது. ஒருவர் மெலிவு, மற்றவர் பருமன். இரண்டு பேரும் நடிகர்களல்லர், அழகர்களுமல்லர். ஆனால் ஒரு படத்தைப் பற்றி இருவர் உண்மையாகச் சண்டை பிடிப்பதைப் பார்க்கச் சனம் கூடியது. அந்த நிகழ்ச்சி பெயர் மாறி, நிலையம் மாறி, 1999 பெப்ரவரியில் சிஸ்கல் 53 வயதில் மூளைக் கட்டியால் இறக்கும்வரை ஓடியது. சண்டை போட்டுக்கொண்டே இருவரும் சகோதரர்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள்.

கட்டைவிரல் முறையைப் பலர் குறை சொன்னார்கள். ஒரு கலைப்படைப்பை ஒரு விரலில் அடக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்தொகையின் அடியில் கையெழுத்துப் போடும்போது நாங்களும் ஒரு வரியில்தான் முடிவைச் சொல்கிறோம். அந்த வரிக்கு முன்னால் எத்தனை பக்கம் வேலை இருக்கிறது என்பதுதான் விஷயம். ஈபேர்ட்டின் விரலுக்குப் பின்னால் ஒவ்வொரு கிழமையும் பத்திரிகையில் நீண்ட கட்டுரைகள் இருந்தன. அவர் ஒரு படத்தை அந்தப் படம் எதற்கு ஆசைப்பட்டதோ அதை வைத்தே அளந்தார். சிரிப்புப் படத்தை மற்றச் சிரிப்புப் படங்களோடு ஒப்பிட்டார். பேய்ப் படத்தைப் பார்த்து நீ ஏன் சத்யஜித் ராய் படம் மாதிரி இல்லை என்று கேட்கவில்லை.

இனி அவருடைய பேரேட்டில் மூன்று பதிவுகளை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

முதலாவது, 'ஆர்மகெடன்'. 1998இல் வந்த பெரிய பட்ஜெட் படம். விண்கல் ஒன்று பூமியில் மோத வருகிற கதை. அதைத் தயாரித்து வெளியிட்டது டிஸ்னி நிறுவனம். ஈபேர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியை 1986 முதல் விநியோகித்துவந்ததும் அதே டிஸ்னியின் கிளை நிறுவனம். அதாவது சம்பளம் வரும் வீட்டின் படம். ஈபேர்ட் அதற்கு நான்கில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். தான் வெறுத்த படங்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்தார். நிகழ்ச்சி நிற்கவில்லை. சனம் அவரை நம்பியதால்தான் அந்த நிகழ்ச்சிக்கு விலை இருந்தது என்பதை டிஸ்னியும் அறிந்திருந்தது போலும்.

இரண்டாவது, 'த பிரவுண் பனி'. 2003இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. இந்த விழாவின் வரலாற்றிலேயே ஆக மோசமான படம் இதுதான் என்றார் ஈபேர்ட். இயக்குநர் வின்சென்ட் கலோ பதிலுக்கு ஈபேர்ட்டின் உடம்பையெல்லாம் இழுத்து ஏசினார். பின்னர் கலோ அந்தப் படத்தில் ஏறக்குறைய 26 நிமிடங்களை வெட்டி, திரும்பக் கட்டி, 2004இல் வெளியிட்டார். ஈபேர்ட் போய்ப் பார்த்தார். மூன்று நட்சத்திரம் கொடுத்தார். ஏச்சு வாங்கியவர் என்ற கோபம் அந்தக் கணக்கில் ஏறவில்லை. திருத்திய கணக்கு வந்தால் புதிய அறிக்கை எழுதவேண்டும். பழைய அறிக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. எங்கள் தொழிலின் அடிப்படைப் பாடம் இது.

மூன்றாவது, நகைச்சுவை நடிகர் றொப் ஷ்னைடர் விவகாரம். அவருடைய படமொன்றைக் கிண்டல் செய்த லொஸ் ஏஞ்சலஸ் பத்திரிகையாளரைப் பார்த்து, நீ புலிற்சர் பரிசு வாங்கியவனா என்று ஷ்னைடர் கேட்டிருந்தார். 2005இல் அவருடைய அடுத்த படம் வந்தபோது ஈபேர்ட், நான் அந்தப் பரிசை வாங்கியவன், அந்தத் தகுதியோடு சொல்கிறேன், உம்முடைய படம் படு மோசம் என்று எழுதினார். பிறகு ஈபேர்ட் கடும் நோயாளியாகக் கிடந்தபோது ஒரு பெரிய பூங்கொத்து வந்தது. அனுப்பியவர் ஷ்னைடர். உங்களுக்கு ஆகப் பிடிக்காத நடிகரிடமிருந்து என்று எழுதியிருந்தாராம். ஷ்னைடர் நல்ல மனிதர் என்று ஈபேர்ட் பகிரங்கமாக எழுதினார். படம் நல்லது என்று மட்டும் எழுதவில்லை.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவது எங்களைத் தொடுகிற விஷயம்.

2002 ஜனவரி. அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழா. ஜஸ்ரின் லின் என்ற இளைஞர், தாய்வானில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர், 'பெற்றர் லக் ருமோறோ' என்ற படத்தைக் காட்டினார். ஆசிய வம்சாவளிப் பிள்ளைகள் சிலர் வகுப்பில் முதலாம் பிள்ளைகள். பெற்றோரின் கண்ணுக்கு மாணிக்கங்கள். மறைவில் பரீட்சை மோசடி, போதைப்பொருள், கடைசியில் கொலை. படம் முடிந்து கேள்வி நேரத்தில் பார்வையாளர் ஒருவர், வெள்ளை இனத்தவர், எழுந்து, இவ்வளவு திறமை இருந்தும் உங்கள் இனத்தவரை ஏன் இப்படிக் கேவலமாகக் காட்டுகிறீர்கள் என்ற பொருளில் கேட்டார். கூட்டத்தில் இருந்த ஈபேர்ட் எழுந்து நின்று உரத்துச் சத்தம் போட்டார். வெள்ளையர் ஒருவர் எடுத்த படத்தைப் பார்த்து, உங்கள் மக்களுக்கு இப்படிச் செய்யலாமா என்று யாரும் கேட்பார்களா? இந்தப் பாத்திரங்கள் தங்கள் இனத்துக்குப் பிரதிநிதிகளாக நிற்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அவர்கள் எப்படிப்பட்ட மனிதராகவும் இருக்க உரிமை உள்ளவர்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். படம் 2003இல் திரையரங்குகளுக்கு வந்தது. ஜஸ்ரின் லின் பின்னாளில் 'பாஸ்ட் அன்ட் பியூரியஸ்' வரிசையில் பல படங்களை இயக்கினார்.

அங்கே கேள்வி கேட்டவர் வெளியாள். எங்கள் மண்டபங்களில் அந்தக் கேள்வியை நாங்களே கேட்கிறோம். சில வருடங்களுக்கு முன் இங்கே மெல்பேர்ணில், டண்டினோங் பக்கத்து மண்டபமொன்றில், எங்கள் பிள்ளை ஒருவர் எடுத்த குறும்படம் காட்டினார்கள். 14 நிமிடம். அகதியாக வந்து, இரண்டு வேலை செய்து, வீடு வாங்கச் சேர்த்த காசை ஒரு தகப்பன் போக்கி மெஷினில் விடுகிற கதை. விளக்குப் போட்டதும் முன்வரிசையில் இருந்த பெரியவர் எழும்பினார். "பிள்ளை, உமக்கு வேறை கதை கிடைக்கேல்லையே? எங்கட மானத்தை ஏன் மற்றவைக்கு முன்னாலை விக்கிறீர்?" என்று கேட்டார். அவர் கெட்ட மனிதர் அல்லர். எங்களைப் பற்றி உலகம் ஏற்கெனவே போதுமான அளவு கெட்டது சொல்லிவிட்டது, நாங்களும் சேர்த்துச் சொல்ல வேண்டுமா என்பது அவருடைய பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குடிவரவு அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லையும் அளந்து பேசிய தலைமுறை நாங்கள்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? மேடைக்குப் போய், "அருமை, அருமை" என்று கைகொடுத்துவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். ஒரு பக்கம் ஏச்சு, மறு பக்கம் வெறும் பாராட்டு. அந்தப் படத்தில் உண்மையிலேயே இரண்டு குறைகள் இருந்தன. வீட்டுக்குள் பேசுகிற காட்சிகளில் ஒலி தெளிவில்லை. கடைசிக் காட்சியில் தகப்பன் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். அவர் பேசாமல் வெறும் சுவரைப் பார்த்திருந்தாலே போதும். தகப்பனாக நடித்தவர் சில்லறையை எண்ணுகிற காட்சியோ கைதேர்ந்த இயக்குநர்களுக்கும் வாய்க்காத காட்சி. அடுத்த கிழமை அந்தப் பிள்ளையை எங்கள் நிலையத்துக்கு அழைத்து இந்த மூன்றையும் சொன்னேன். அவர் கொப்பியில் குறித்துக்கொண்டார். "அங்கிள், ஏச்சும் வந்தது, பாராட்டும் வந்தது. படத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்றார்.

அந்த வசனம் என்னை விட்டுப் போகவில்லை. படத்தைப் பற்றிக் கதைப்பதுதான் ஈபேர்ட் செய்த வேலை. எங்கள் சமூகத்தில் அந்த வேலைக்கு ஆளில்லை. அரங்கேற்றம் என்றால் பிரதம விருந்தினர் பாராட்டுரை. புத்தக வெளியீடு என்றால் நயவுரை. சினிமா என்றால் அனுசரணை அறிவித்தல். எல்லாம் வரவு, செலவுப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. செலவே எழுதாத கணக்கை எந்த வங்கியும் நம்பாது. அதேபோல எல்லோரையும் புகழ்கிற இடத்தில் உண்மையாகவே நன்றாகச் செய்த பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டுக்கும் பெறுமதி இல்லாமல் போகிறது.

இதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. இந்த நாட்டுச் சட்டப்படி எங்களைப் போன்ற சமூக வானொலிகள் விளம்பரம் போட முடியாது. மணிக்கு 5 நிமிடத்துக்கு மேற்படாமல் அனுசரணை அறிவித்தல் மட்டும் போடலாம். அந்தச் சிறு வருமானத்தில்தான் வாடகையும் மின்சாரமும். இந்திய நட்சத்திரம் ஒருவரின் படத்தைப் பற்றி எங்கள் இளம் அறிவிப்பாளர் ஒருவர், இடைவேளைக்குப் பின் படம் இழுபடுகிறது என்று ஒரு வசனம் சொன்னார். மறுநாளே ஒரு விநியோகஸ்தர் தன் அனுசரணையை நிறுத்திக்கொண்டார். நிலையத்தின் கணக்கை எழுதுபவன் நான். அந்த ஒரு வசனம் எங்களுக்கு எத்தனை டொலர் என்று எனக்குச் சதக்கணக்கில் தெரியும். அந்த வருட முடிவில் அதைக் குழுவுக்கு எழுதிக் காட்டினேன். கீழே இன்னொரு வரியும் எழுதினேன்: இந்தத் தொகை நேயர்களின் நம்பிக்கைக்காகச் செலவானது. குழு ஏற்றுக்கொண்டது. அந்த அறிவிப்பாளர் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் பேசுகிறார்.

மறுபடி ஈபேர்ட்டிடம் வருவோம். குரலைப் பற்றிச் சொல்வேன் என்றேன். 2002இல் அவருக்குத் தைரொயிட் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2006இல் தாடையில் சத்திர சிகிச்சை. அதன் பின் இரத்தக்குழாய் வெடித்து, உயிர் தப்பியதே பெரிய விஷயம். கீழ்த்தாடை போயிற்று. பேச்சுப் போயிற்று. அன்றிலிருந்து வாயால் உண்ணவும் குடிக்கவும் முடியவில்லை. பாடசாலை நாளில் வானொலிப் பேச்சுக்குப் பரிசு வாங்கியவர், கோடிக்கணக்கானவர்கள் குரலால் அறிந்தவர், இனி ஒரு சொல்லும் பேச முடியாது.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர்க்காரருக்கு, ஒரு குரல் நின்றுபோவதென்றால் என்ன என்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவர் ஒளியவில்லை. தாடையில்லாத முகத்தோடு 2010இல் ஒரு பெரிய சஞ்சிகைக்குப் படமெடுக்கச் சம்மதித்தார். எடின்பரோவிலுள்ள செறிப்புறொக் என்ற நிறுவனம், அவர் பழைய படங்களின் டிவிடிகளுக்காகப் பேசிப் பதிவு செய்திருந்த விளக்கங்களிலிருந்து அவருடைய சொந்தக் குரலைக் கணனியில் கட்டிக் கொடுத்தது. அந்தக் குரல் முதன்முதலில் தொலைக்காட்சியில் ஒலித்தபோது அவருடைய மனைவி சாஸ் கண்கலங்கினார். ஆனால் ஈபேர்ட்டின் உண்மையான பதில் எழுத்துத்தான். பேச்சுப் போனபின் முன்னைவிட அதிகம் எழுதினார். 2012இல் மட்டும் 306 படங்களுக்கு விமர்சனம் எழுதினார். 2013 ஏப்ரல் 2ஆம் திகதி, நோய் திரும்பிவிட்டது, கொஞ்சம் குறைத்து எழுதப்போகிறேன் என்று வாசகருக்கு அறிவித்தார். ஏப்ரல் 4ஆம் திகதி காலமானார். வயது 70.

அவர் தெரிந்தெடுத்த உன்னதப் படங்களின் வரிசையில் ஒரு தமிழ்ப் படமும் இருக்கிறது. சந்தோஷ் சிவன் 1998இல் எடுத்த 'த ரெறரிஸ்ட்'. மல்லி என்ற பெண்ணின் கதை. அந்தப் படத்தின் அரசியலில் எங்களில் பலருக்குக் கருத்து வேறுபாடு உண்டு; எனக்கும் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். நான் இங்கே கவனிப்பது, எங்கள் மொழி ஒரு சொல்லும் தெரியாத ஒரு மனிதர், பெரும் பணமோ பெரும் நட்சத்திரமோ இல்லாத ஒரு சிறு படத்துக்கு முன்னால் பொறுமையாக இருந்து, அதன் நாயகியின் முகத்தைப் பார்த்து, உலகின் பெரிய படங்களின் பக்கத்தில் அதை வைத்தார் என்பதை. அந்நியர் ஒருவர் எங்கள் படத்துக்குக் கொடுத்த அந்தக் கவனத்தை, எங்கள் பிள்ளைகளின் படத்துக்கு நாங்கள் கொடுக்கிறோமா?

இதையொட்டி எங்கள் நிலையம் ஒரு முடிவெடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு மாலை அரை மணி நேரம் விமர்சனத்துக்கு ஒதுக்குகிறோம். இங்கே எங்கள் சமூகத்தில் உருவாகும் குறும்படம், நாடகம், நூல் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. விதிகள் மூன்று. பார்க்காமல், வாசிக்காமல் எவரும் பேசக்கூடாது. படைத்தவர் உறவினரோ நண்பரோ என்றால் அதை முதல் வசனத்திலேயே சொல்லிவிட வேண்டும். படைப்பைப் பற்றிப் பேசலாம். படைத்தவரின் ஊர், குடும்பம், இயக்கம், சமயம் பற்றிப் பேசக்கூடாது. மைக்குக்கு முன்னால் வர விரும்பும் இளையவர்கள் நிலையத்தோடு தொடர்புகொள்ளுங்கள். தமிழ் கொஞ்சம் தட்டுப்பட்டாலும் பரவாயில்லை; அதைத் திருத்தலாம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்லும் மனம்தான் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் படத்தைப் பற்றி நாங்கள் ஒரு குறை சொன்னால், தயவுசெய்து அன்றிரவே எனக்குத் தொலைபேசி எடுக்காதீர்கள். ஒரு கிழமை பொறுங்கள். அதற்குள் பிள்ளையே அடுத்த படத்தை எழுதத் தொடங்கியிருக்கும். போக்கி மெஷின் படம் எடுத்த அந்தப் பிள்ளை இப்போது இரண்டாவது படத்துக்கு ஒலிப்பதிவுக் கருவி தேடித் திரிகிறார். யாரிடமாவது நல்லதொன்று இருந்தால், இரவல் கொடுத்து உதவுங்கள்.